தேறிய பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்புகிறது? காக்ஸ் பஜார் முகாம்களுக்கு நிதி வழங்கும் அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் உள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களுக்கு நிதி வழங்கும் அரசுகளின் மதிப்பிற்குரிய பிரதிநிதிகளுக்கும், அந்த நிதியைக் கொண்டு உணவும் சிகிச்சையும் வழங்கும் உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் குழந்தை மருத்துவர். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் சத்துக்குறைவால் மெலிந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவள். 2018-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காக்ஸ் பஜாரின் உகியா வட்டாரத்து முகாம்களில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சிகிச்சை மையத்தில் சில மாதங்கள் பணியாற்றியவள். உங்கள் முன் நான் வைப்பது ஒரே கோரிக்கை. மெலிந்த பிள்ளைக்குக் கொடுக்கும் சிகிச்சையையும், அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்குக் கொடுக்கும் மாதாந்திர உணவுப் பங்கீட்டையும் இரண்டு தனித்தனிக் கணக்குகளாக வைத்துக்கொண்டு, ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் மற்றொன்றை வெட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் மண்டபம் முதல் இலங்கையின் செட்டிகுளம் வரை முகாம் வாழ்க்கை என்னவென்று அறிந்த மக்கள் பேசும் மொழி இது. பங்கீட்டு அட்டையில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டின் அடுப்பு என்ன ஆகும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத வாசகர்கள் இம்மொழியில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்க உங்களிடம் பேச விரும்புகிறேன்.

தமிழில் சவலைப் பிள்ளை என்றொரு வழக்கு உண்டு. அடுத்த கரு தங்கியதால் தாய்ப்பால் நின்றுபோய், அதற்கு ஈடான உணவும் கிடைக்காமல், கைகால் சூம்பி, வயிறு முன்தள்ளி, ஓயாமல் சிணுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். 1930-களில் இன்றைய கானாவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், பாதம் வீங்கி, தோல் உரிந்து, சோர்ந்துபோன பிள்ளைகளின் நோயை மருத்துவ உலகுக்கு விவரித்தபோது, அங்கே கா மொழி பேசும் தாய்மார்கள் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த பிள்ளை பிறந்ததால் தன் இடத்தை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பதுதான் அதன் பொருளும். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், நோயின் காரணத்தைப் பிள்ளையின் உடலுக்குள் மட்டும் தேடாமல் அது வளரும் வீட்டிலும் தேடியிருக்கின்றன. நிதி ஒதுக்கீட்டுக் கூட்டங்களில் இந்தப் பார்வையைத்தான் காண முடியவில்லை.

நீங்கள் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிந்தைய சில மாதங்களில் மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ராணுவ ஒடுக்குமுறைக்குத் தப்பி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லையைக் கடந்து வந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் குதுபலாங் பதிவுபெற்ற முகாமில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே நடந்த கணக்கெடுப்பில் 24.3 விழுக்காட்டினர் உடல் மெலிவுற்றிருந்தனர், 7.5 விழுக்காட்டினர் உயிருக்கே ஆபத்தான கடும் மெலிவில் இருந்தனர். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு இரத்தசோகை இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் மெலிவு 15 விழுக்காட்டை எட்டினாலே அது நெருக்கடி நிலை. உங்கள் நிதியும், முகாம்களின் ஊழியர்களும், வீடுவீடாக நடந்த ரோஹிங்கியா தன்னார்வலர்களும் சேர்ந்து அந்த எண்ணை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 15-க்குக் கீழே இறக்கினார்கள். இது சிறிய செயல் அன்று. ஆனால் இறக்கிய எண் ஏன் மீண்டும் ஏறியது என்பதை நாம் பேசியாக வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதை, இம்மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சற்று விரித்துச் சொல்கிறேன். தன்னார்வலர் குடிசைக்கு வந்து, பிள்ளையின் மேற்கையில் வண்ணப்பட்டை ஒன்றைச் சுற்றி அளக்கிறார். கைச்சுற்றளவு 12.5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அதாவது மிதமான மெலிவு; 11.5-க்கும் கீழே இறங்கினால் சிவப்பு, அதாவது கடும் மெலிவு. சிவப்பில் விழுந்த பிள்ளை மையத்துக்கு வருகிறது. அங்கே எடை பார்த்து, பாதத்தை அழுத்தி வீக்கம் உண்டா என்று பார்த்து, சத்துப் பசையில் சிறிது கொடுத்துப் பிள்ளைக்குச் சாப்பிடும் ஆர்வம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். ஆர்வத்தோடு சாப்பிட்டு, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இல்லாமல் இருக்கும் பிள்ளைக்கு மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை. நோய்த்தொற்றுக்கான மருந்தும், ஒரு வாரத்துக்கான சத்துப் பசைப் பொட்டலங்களும் தாயின் கையில் கொடுக்கப்படுகின்றன. வாராவாரம் வந்து எடை காட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

இந்தப் பொட்டலம் வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். கடும் மெலிவுக்கு அப்போது இருந்தது சத்துப் பால் ஒன்றே; அதைச் சுத்தமான நீரில் கரைத்து, மணிக்கணக்கு வைத்து, ஊழியர்களே ஊட்ட வேண்டும். அதற்காகத் தாய் தன் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு வாரக்கணக்கில் மையத்திலேயே தங்க வேண்டியிருந்தது. 1990-களின் நடுவில் பிரான்சைச் சேர்ந்த ஆந்த்ரே பிரியான் என்ற மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரும் அந்தப் பாலின் சத்தை நிலக்கடலை, எண்ணெய், சர்க்கரை, பால்பொடி, உயிர்ச்சத்துகள் கலந்த பசையாக மாற்றினார்கள். ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. அதில் நீரே கலக்க வேண்டியதில்லை என்பதால் கிருமி வளர வாய்ப்பு குறைவு. கழிப்பறைக் குழிக்கு அருகிலேயே குழாய்க்கிணறு இருக்கும் மலைச்சரிவில், மழையில் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடும் இடத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் இந்த ஒரு குணத்தின் அருமை தெரியும். 2007-இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டாக இம்முறையை ஏற்று அறிவித்தபின், கடும் மெலிவுற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரை வீட்டில் வைத்தே குணப்படுத்துவது உலக நடைமுறை ஆனது.

இங்கே 'வீடு' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. இச்சிகிச்சையின் பாதி வேலையை நாம் வீட்டிடம் ஒப்படைத்திருக்கிறோம். அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை.

நான் அங்கிருந்தபோது ஒரு பெண் பிள்ளை மூன்று வாரங்களாக எடை ஏறாமல் இருந்தது. பதினான்கு மாதம். சாப்பிடும் ஆர்வம் நன்றாக இருந்தது, காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. பொட்டலங்கள் ஒழுங்காகக் கொடுக்கப்படுகின்றனவா என்று மொழிபெயர்ப்பாளர் வழியே தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்டோம். அவர் தலைகுனிந்து நின்றார். கடைசியில், தார்ப்பாய்ச் சுவருக்குள் ஒரே அறையில் வேறு மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். மற்ற மூவருக்கும் அன்று அவர் கொடுக்க முடிந்தது சோறும் பருப்பும். அந்த மாதங்களில் பங்கீட்டில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தவை அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டுமே. எங்கள் பதிவேட்டில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு 'சிகிச்சைக்கு இணங்காதவர்' என்ற பொருளில் ஒரு குறியீடு இருந்தது. பிள்ளை சிகிச்சைக்கு நன்றாகவே இணங்கியிருந்தது. அந்தக் குறியீட்டை எழுதிய என் கை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பொட்டலத்தைப் பங்கிட வேண்டாம் என்று தாய்க்கு அறிவுரை சொல்வது எளிது. நாங்களும் சொன்னோம். ஆனால் நான்கு பிள்ளைகளில் ஒருவரை மட்டும் ஊட்டிவிட்டு மூவரைப் பார்க்க வைக்கும் தாயை எந்த ஊரிலும் நல்ல தாய் என்று சொல்லமாட்டார்கள். மற்ற மூவருக்கும் வயிறு நிறைந்திருந்தால்தான் அந்த அறிவுரை நிறைவேறும்.

இப்போது பங்கீட்டுக்கு வருகிறேன். மாதத்துக்கு ஓர் ஆளுக்கு 12 டாலர் என்றிருந்த உணவு உதவி, நிதி போதவில்லை என்று 2023 மார்ச்சில் 10 டாலராகவும், அவ்வாண்டு ஜூனில் 8 டாலராகவும் வெட்டப்பட்டது. 2024 ஜனவரியில் 10 டாலருக்குத் திரும்பி, அவ்வாண்டின் பிற்பகுதியில் 12.50-ஐ எட்டியது. 2025 மார்ச் தொடக்கத்தில், ஏப்ரல் முதல் 6 டாலர்தான் என்று அறிவிக்கப்பட்டது. மாத இறுதியில் கடைசி நேரத்தில் நிதி வந்துசேர, 12 டாலர் என்று நின்றது. முகாமில் இருப்பவர்களுக்கு முறையாக வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமைச் சுற்றி முள்வேலி இருக்கிறது. பயிரிட நிலம் இல்லை. அதாவது இந்தத் தொகை குறையும்போது அதை ஈடுசெய்ய அவர்களுக்குச் சட்டம் அனுமதித்த வழி ஒன்றும் இல்லை. தொகை குறைந்தால் மின்னணு அட்டையோடு கடைக்குப் போகும் தாய் முதலில் அரிசியை எடுப்பார். முட்டையையும் மீனையும் கீரையையும் விடுவார். இதில் அறியாமை எதுவும் இல்லை; குறைந்த பணத்தில் அதிக வயிறுகளை நிறைக்கும் கணக்கு அது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடல் அந்தக் கணக்கைத் தாங்காது என்பதுதான் துயரம்.

2025 மார்ச்சில் யுனிசெஃப் வெளியிட்ட தகவல் உங்கள் மேசையில் இருந்திருக்கும். அவ்வாண்டு பிப்ரவரியில் கடும் மெலிவுக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை முந்தைய பிப்ரவரியைவிட 27 விழுக்காடு கூடியிருந்தது. முகாம்களில் 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சத்துக்குறைவோடு இருந்தனர். 2017-க்குப் பின் அதுவே மிக உயர்ந்த அளவு. நீண்டு நீடித்த 2024 மழைக்காலம், அதனால் பரவிய வயிற்றுப்போக்கும் காலராவும், புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்கள், அதற்கு முந்தைய இரண்டாண்டுகளின் பங்கீட்டு வெட்டுகள் எனப் பல காரணங்களை அந்த அமைப்பு சொன்னது. பங்கீடு மட்டுமே காரணம் என்று நானும் வாதிடமாட்டேன். தாய்மாரின் இரத்தசோகை, இடைவெளியில்லாத பிரசவங்கள், அசுத்த நீர் எல்லாம் இதில் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த பிப்ரவரியில் பங்கீடு ஏற்கெனவே பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. வெட்டிய தொகையைத் திருப்பிக் கொடுத்த மறுமாதமே பிள்ளையின் உடலும் திரும்பிவிடுவதில்லை. 8 டாலர் மாதங்களில் கருவுற்ற தாயின் பிள்ளை, பங்கீடு உயர்ந்த பின்னர்தான் தவழத் தொடங்கியது.

கணக்கைப் பணமாகவே போட்டுப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் கூட்டங்களில் பேசப்படுவது அந்த மொழிதான். ஒரு பிள்ளையை முழுமையாகக் குணப்படுத்த ஏறக்குறைய ஒரு பெட்டி சத்துப் பசை தேவை; அதில் 150 பொட்டலங்கள். கொள்முதல் விலையில் ஒரு பொட்டலம் தோராயமாக 30 சென்ட். 8 டாலர் பங்கீட்டில் ஓர் ஆளின் ஒரு நாள் உணவுக்குக் கிடைத்தது 27 சென்ட். அதாவது ஒரு மனிதரின் மூன்று வேளைக்கும் நீங்கள் ஒதுக்கியதைவிட, மெலிந்த பிள்ளைக்கான ஒரே ஒரு பொட்டலம் விலை கூடியது. அந்தப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று பொட்டலங்கள் வேண்டும். 12-லிருந்து 8-க்கு வெட்டியபோது ஐந்து பேர் கொண்ட குடும்பத்திடமிருந்து மாதம் 20 டாலர் மிச்சப்பட்டது. அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு பிள்ளை சிவப்புப் பட்டைக்குள் விழுந்தால், பசைக்கு மட்டும் ஆகும் செலவு அந்த மிச்சத்தின் இரண்டு மாதத் தொகையை விழுங்கிவிடும். கப்பல் கூலி, செவிலியர் சம்பளம், படுக்கையில் சேர்க்க நேர்ந்தால் ஆகும் செலவு எல்லாம் இதற்கு மேல். சிக்கனம் என்று நீங்கள் கருதிய இடத்தில் சிக்கனம்கூட இல்லை.

இனி, நாம் வெற்றி என்று எதைச் சொல்கிறோம் என்பது பற்றி. 2024-இல் யுனிசெஃப் ஆதரவில் சிகிச்சை பெற்ற கடும் மெலிவுற்ற பிள்ளைகள் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களில் 92 விழுக்காட்டினர் குணமடைந்தனர். சர்வதேச அளவுகோல் கேட்பது 75 விழுக்காட்டுக்கு மேல். ஊழியர்களின் உழைப்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம்; அந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 92 என்பது மையத்தின் வாசலில், பிள்ளை விடைபெறும் நாளில் எண்ணப்பட்டது. குணமடைந்தோர், இறந்தோர், இடையில் நின்றோர் என்ற மூன்று எண்களைக் கேட்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையின் கை எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டில் என் வார்டிலிருந்து தேறி வீட்டுக்குப் போன பிள்ளைகள், மறு விதைப்புக்கு முன் வேலையற்ற மாதங்களில் மறுபடியும் அதே தாயின் இடுப்பில் மெலிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் அப்பிள்ளை முதல் முறை ஒரு வெற்றியாகவும், இரண்டாம் முறை புதிய நோயாளியாகவும், பிறகு இரண்டாவது வெற்றியாகவும் எழுதப்பட்டது. மறுமெலிவை எண்ணாத அளவுகோல் பங்கீட்டு வெட்டின் விளைவை மறைத்துவிடும்; நீங்கள் தீங்கு செய்தோம் என்று அறியக்கூட அது உங்களுக்கு வாய்ப்பளிக்காது. ஆகவே உங்கள் நிதி ஒப்பந்தங்களில் நான்காவது எண்ணாக அதைக் கேளுங்கள். தாய்மார்களின் கையிலேயே அளவுப் பட்டையைக் கொடுத்து அளக்கப் பழக்கும் முறை ஏற்கெனவே பல நாடுகளில் இருக்கிறது. இந்த எண்ணைச் சேகரிக்கப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை.

தாய்மார்களை நம்புவது பற்றிப் பேசும்போது, வங்கதேசத்தின் எல்லைக்கு அப்பால் நடந்த ஒன்றை, அந்நாட்டு அரசும் கேட்கும்படி சொல்ல வேண்டும். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு அகதிகளாக வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லையோர பன்கான் ஊரில் காலரா பரவியபோது நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு அவரது பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6-ஆகக் குறைந்தது. அகதிகளின் கைகளை நம்பியதால் உலகமே அந்தக் கரைசலை ஏற்றது. அன்று அந்த முகாம்களில் இருந்தவர்களின் நாடுதான் இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பெருந்தன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. முள்வேலிக்குள் சிறு தோட்டமோ கூலி வேலையோ செய்ய ரோஹிங்கியா மக்களுக்கு முறையான அனுமதி கொடுத்தால், நிதி தரும் நாடுகளின் மனநிலையைப் பொறுத்து ஒரு பிள்ளையின் கை மெலியும் நிலை சிறிதாவது மாறும் என்று மட்டும் அவ்வரசிடம் வேண்டிக்கொள்கிறேன்.

மஞ்சள் பட்டைக்கும் சிவப்புப் பட்டைக்கும் இரண்டு அமைப்புகள், இரண்டு கிடங்குகள், இரண்டு நிதிப் பெட்டிகள் என்ற பிரிவு பற்றியும் ஒரு வார்த்தை. முகாம்களில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது நல்ல முடிவு. நிதி குறையும் காலங்களில் சிவப்பை மட்டும் காத்து மஞ்சளைக் கைவிடலாம் என்ற யோசனை எழுகிறது. மஞ்சளில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்தால் அது சிவப்பு. அந்த வாரத்துக்காகக் காத்திருந்து சிகிச்சை தொடங்குவதை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார்.

நான் கேட்பவை இவை. குடும்பப் பங்கீட்டின் மதிப்பு, நெருக்கடிக் காலத் திட்டமிடலுக்கு நீங்களே ஏற்றுக்கொண்ட ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்ற அளவை, முட்டையோ மீனோ பருப்போ உட்பட, வாங்கப் போதுமானதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். சிகிச்சையில் ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, அப்பிள்ளை தேறிய பின்னரும் ஆறு மாதங்களுக்குக் கூடுதல் பங்கீடு கொடுங்கள். அதைச் சலுகையாகக் கருதாமல் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கில் எழுதுங்கள். நிதியை ஆண்டுக்கு ஆண்டு, கடைசி வாரத்தில் அறிவிக்கும் முறையை விட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். 2025 மார்ச்சில் 6 டாலர் என்ற அறிவிப்புக்கும் 12 டாலர் என்ற அறிவிப்புக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில் எத்தனை வீடுகள் அரிசிக்கு முன்கூட்டியே கடன் வாங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முகாம்கள் இருக்கும் உகியாவிலும் தெக்நாஃபிலும் ஜூன் மாதம் மழை பிடித்துவிடும்; அதற்குச் சில வாரங்களுக்குப் பின் சிவப்புப் பட்டைகள் கூடத் தொடங்கும். சத்துப் பசை ஆலையிலிருந்து கிளம்பி, துறைமுகம் கடந்து, முகாமின் கிடங்கை அடைய மாதங்கள் ஆகின்றன. ஆகவே மழைக்காலத்துக்கான பசையும் பங்கீடும் ஆண்டின் தொடக்கத்திலேயே உறுதியாக வேண்டும். அடுத்த நிதிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த இரண்டும் ஒரே தலைப்பின் கீழ், ஒரே தொகையாக இடம்பெறுமா என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர்